கதவோடு ஒட்டி நிற்பவன்

டியூப்லைட்டின் வெளிச்சம் புதுப் பெயின்ட்டில் நீளமாகப் படுத்திருக்கிறது. பழைய காரின் கருநீலக் கதவில் கடைசி குரோம் பட்டையை ஃபிட்டர் உள்ளங்கையால் அழுத்த, கிளிப் டக்கென்று மாட்டிக்கொள்கிறது. வேலை முடிந்தும் அவன் நகரவில்லை. இந்தப் பட்டறையில் இடுப்பு பெல்ட்டோடு யாரும் வண்டியை நெருங்குவதில்லை. இன்று அவன் கழற்ற மறந்துவிட்டான். சாய்ந்து அழுத்தியபோது பக்கிள் உரசி, பட்டைக்குக் கீழே விரல் நீளத்துக்கு வெள்ளைக் கீறல். இடுப்பால் அதை மறைத்து நிற்கிறான். பெயின்டர் வருகிறார். அவன் மனைவியின் அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். பின்னாலேயே காரின் சொந்தக்காரர். "நூல் புடிச்ச மாதிரி மாட்டியிருக்கே மாப்ளே. நகரு, பாக்கறோம்." "இருங்க மச்சான், தொடச்சிடறேன்." "என்னய்யா, பட்டையோட சேத்து உன்னையும் கிளிப் போட்டு மாட்டிக்கிட்டியா?" கேட்டுவிட்டுச் சொந்தக்காரர் சிரிக்கிறார். அவன் நகர்கிறான். சிரிப்பு நிற்கிறது. பெயின்டர் கீறலைப் பார்க்கிறார், பிறகு பக்கிளை. "பாலிஷ் போடறப்ப என் கை தவறிடுச்சுங்க. திரும்ப அடிச்சுத் தந்துடறேன்," என்கிறார் பெயின்டர், சொந்தக்காரரிடம். சொந்தக்காரரின் முகம் சிவக்கிறது. அவர் ஃபிட்டரின் பக்கம் திரும்புகிறார். "நீயே சொல்லுப்பா, ஒரு மனுஷன் இவ்வளவு அலட்சியமா இருக்கலாமா?" "இருக்கக் கூடாதுங்க," என்கிறான் ஃபிட்டர்.