அழியாத அறிவிப்பு

“நம்ம அறிவிப்பை ஊர்ல அத்தனை டிவிக்கும் அனுப்பி, மெமரியிலேயே பூட்டிட்டேன் சார். போன மாசம் மாதிரி எவனும் உள்ளே புகுந்து புரளி கிளப்ப முடியாது,” என்றார் ஒளிபரப்புப் பொறியாளர்.

“நீங்களே நினைச்சா?” என்றார் நிலைய மேலாளர்.

“நாளைக் காலை வரைக்கும் நானே தலைகீழா நின்னாலும் மாத்த முடியாது!”

மேலாளரின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டவர் பொறியாளரைப் பார்த்துக் கத்தினார்.

“அணையிலேர்ந்து பேசறாங்க. உடைஞ்சிருச்சாம்! எல்லாரையும் மேட்டுக்குப் போகச் சொல்லுங்க!”

பொறியாளரின் விரல்கள் பறந்தன. திரையில் எதுவும் மாறவில்லை.

அதற்குள் அவர் மனைவி அழைத்தாள். “என்னங்க, தெருவுல சிலர் கத்திக்கிட்டு ஓடறாங்க. நாங்க அசையலையே! நீங்க போட்டதைப் படிச்சுட்டு, கதவைத் தாழ் போட்டுட்டு உட்கார்ந்திருக்கோம்.”

அவர் எதிரே அந்த அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது:

‘அணை உடைந்ததாக யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். வீட்டிலேயே இருங்கள்.’