ராசம்மாவின் இடுப்புப் பை

ராசம்மாவின் இடுப்புப் பையில் ஐந்து கைப்பேசிகள் இருந்தன. ஐந்தும் விலை கூடியவை. ஒன்றுகூட அவளுடையது இல்லை.

துப்புரவு வேலைக்கு வந்தவள் வாளியும் இல்லாமல் துடைப்பமும் இல்லாமல் கல்லூரி நூலகத்தை மூன்று தடவை சுற்றியதைப் பார்த்துத்தான் காவலாளி குணாளனுக்குச் சந்தேகம் வந்தது. பையைத் திறக்கச் சொன்னான். திறந்ததும் அவனுக்கே வியர்த்துவிட்டது. போன மாதம் விடுதியில் இரண்டு கைப்பேசிகள் காணாமல் போனதற்கு, காவலாளி தூங்கிவிட்டான் என்று அவனுக்குத்தான் எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது.

"அலமாக்! அஞ்சா? யாரோடது ராசம்மா?"

"பிள்ளைங்களோடதுண்ணே."

"அது எனக்குத் தெரியாதா? உன் பைக்குள்ள எப்படி வந்துச்சு?"

ராசம்மா நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். குற்றம் செய்த கால் ஓரிடத்தில் நிற்காது என்பது குணாளனின் பதினெட்டு வருஷ அனுபவம்.

"அண்ணே, பன்னெண்டு மணி வரைக்கும் விட்டுடுங்க. அப்புறம் நானே ஆபீசுக்கு வரேன்."

"பன்னெண்டு மணிக்கு யாரு வர்றான்? சரக்கு வாங்குறவனா? மண்டபத்துக்கு நட லா!"

அவள் நடந்தாள். பிடித்துக்கொண்டு போகிறவன் மூச்சு வாங்கும் அளவுக்கு வேகமாக நடந்தாள்.

மண்டபத்தில் மாணவர் நலவாரத்தின் கடைசி நாள். ஐந்து நாளாகப் பிள்ளைகளே முன்னின்று இந்தக் கல்லூரியையும், மிச்ச நேரத்தில் ஸ்கூடாய் வட்டாரத்தையும் நோயிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். 'சர்க்கரையைக் குறைப்போம்' என்ற பதாகைக்கு நேர் கீழே ஒரு டிரம் நிறைய ரோஸ் சிராப். ரத்த அழுத்தம் பார்க்கும் மேசையில் எண்ணெயில் பொரித்த கறிபாப் இரண்டு தட்டு. 'படியேறிப் பழகுங்கள்' என்ற அட்டையை மூன்றாம் மாடி வரைக்கும் ஒட்டியவர்கள், வேலை முடிந்ததும் லிஃப்டில் இறங்கி வந்திருந்தார்கள்.

மேடையில் மெத்தை நாற்காலிகளில் மாணவர் செயற்குழு. நடுவில் தலைவன் யுகேந்திரன், பக்கத்தில் துணைத்தலைவி லோஷினி. பன்னிரண்டு மணிக்குப் பரிசளிப்பு. சத்துணவுச் சமையல், யோகா, கைப்பேசி கணக்கு வைக்கும் தினசரி பத்தாயிரம் அடி நடை என்று எதை எடுத்தாலும் பரிசுப் பட்டியலில் செயற்குழுவின் பெயர்தான் முன்னால் நின்றது. போட்டி வைத்தவர்களும் அவர்கள், ஜெயிப்பவர்களும் அவர்கள். அடுத்தவர் உடம்புமேல் இத்தனை அக்கறை உள்ளவர்களுக்கு வேறு யார் பரிசு கொடுப்பது?

குணாளன் மாணவர் நல அதிகாரி யோகேஸ்வரியின் மேசையில் பையைக் கவிழ்த்தான். ஐந்தும் கடகடவென்று விழுந்தன. பையைப் பறிகொடுத்ததும் ராசம்மாவின் கால்கள் நின்றுவிட்டன.

யோகேஸ்வரிக்கு முகம் சுண்டிப்போனது. "ஒரு வாரமா காலையில பிள்ளைங்க கையில போனே இல்ல. நலவாரம் நல்லா வேலை செய்யுதுன்னு பெருமையா இருந்தேன். அதைப் பார்த்துத்தான் எடுத்தீங்களா ராசம்மா?"

"எடுக்கல புவான்" என்றாள் அதிகாரியம்மாவிடம்.

"அப்போ பறந்து வந்துச்சா?" என்றான் குணாளன். பிறகு மேடையைப் பார்த்துக் கத்தினான். "யாரோடதுப்பா இது? வந்து எடுத்துக்குங்க!"

ஒருவரும் வரவில்லை. லோஷினி கையிலிருந்த கறிபாப்புக்குள் உருளைக்கிழங்கு எவ்வளவு என்று ஆராய்ந்தாள். இன்னொருத்தி மின்விசிறியைப் பார்த்தாள். தினமும் காலையில் "ஆண்ட்டி, சாப்பிட்டீங்களா?" என்று ராசம்மாவைத் தேடி வந்து நிற்கும் பிள்ளைகள்தான் எல்லாரும்.

"பேசுங்க ராசம்மா" என்றார் யோகேஸ்வரி. "பேசலன்னா உங்க சூப்பர்வைசருக்குப் போன் போட்டுடுவேன். ஒரு புகார் வந்தாலே உங்க கம்பெனியில ஆளை நிறுத்திடுவாங்க, தெரியும்ல?"

தெரியும். வீட்டில் படுத்திருக்கும் புருஷனுக்கு மருந்தும், இரண்டு பேருக்குச் சோறும் அவள் ஒருத்தி சம்பளத்தில்தான். ராசம்மா மேடையைப் பார்த்தாள். மேடை அவளைப் பார்க்கவில்லை.

அதிகாரி எண்ணை அழுத்தத் தொடங்கினார்.

அப்போதுதான் யுகேந்திரன் எழுந்தான். நாலு அடி தள்ளியிருந்த மைக்கை எடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டான்.

"புவான், ஆண்ட்டி பாவம்தான். ஆனா ரூல்னா ரூல்தானே? மனசு ஆரோக்கியமா இருக்கணும்னா நேர்மை வேணும்னு நேத்துத்தான் இங்க பேசினோம். பேசாம போலீஸ்ல கொடுத்துடலாம்."

கீழே சிலர் கைதட்டினார்கள். லோஷினிகூட கறிபாப்பை வைத்துவிட்டுத் தட்டினாள். ராசம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று நாற்பது.

மேசையில் கிடந்த ஐந்தில் கறுப்பு உறை போட்ட கைப்பேசியைத் தேடி எடுத்தாள். மேடை ஏறிப் போய் யுகேந்திரனிடம் நீட்டினாள். மைக் அவன் கையில் திறந்தே இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இந்தாங்க தம்பி, இன்னும் ரெண்டாயிரம் அடி பாக்கி இருக்கு, நீங்களே நடந்துக்குங்க."