கம்பியின் உயரம்

கிட்டார் பழுதுபார்க்கும் கடைக்காரருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த அந்த அம்மா, கம்பிகளை இன்னும் உயரமாக ஏற்றச் சொன்னார்.

"எல்லாரும் இறக்கத்தாம்மா சொல்வாங்க. ஏத்தினா, கம்பியை அழுத்தறதுக்குள்ள உயிர் போயிடும்."

"பரவாயில்ல, ஏத்துங்க."

கடைக்காரர் குட்டித் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் திருகினார். கம்பிகள் கட்டையை விட்டு எழும்பின.

"போதுமா?"

"இன்னும்."

"விரல் கொப்பளிச்சிடும்மா!"

"கொப்பளிக்கட்டும்."

கடைக்காரர் அசந்துபோனார். விரலா, இரும்பா?

"தினமும் எவ்வளவு நேரம் வாசிப்பு?"

"சாயங்காலம் ஆரம்பிச்சா, ராத்திரி படுக்கிற வரைக்கும் ஓயாது."

கடைக்குள் வந்ததும் காதிலிருந்து எடுத்த பஞ்சை அந்த அம்மா இன்னும் கையிலேயே வைத்திருப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். தெருச் சத்தம்கூடப் படாமல் காதைக் காப்பாற்றுகிறாரே, இவரல்லவோ கலைஞர்!

"ஒருநாள் உங்க வாசிப்பைக் கேக்கணும்மா," என்றார், கும்பிடாத குறையாக.

"எனக்கெங்கே வாசிக்கத் தெரியும்? இது மாடி வீட்டுத் தம்பியோடது. கடை நான் போற வழிதானேன்னு எங்கிட்ட குடுத்தனுப்பினான்."

"இவ்வளவு உயரம் அவரா கேட்டாரு?"

"அவனா? விரல் வலிக்குது, இறக்கச் சொல்லுங்க ஆன்ட்டின்னுதான் சொன்னான்," என்றபடி, பஞ்சைத் திரும்பவும் காதில் அடைத்துக்கொண்டார் கீழ்வீட்டு அம்மா.