பங்காளியின் சங்கிலி

இதயத்தையே மாற்றிய பிறகும், பங்காளி முனிரத்தினத்தின் விரல் தடிமன் சங்கிலிமேல் இண்டூர் மாதையனுக்கு இருந்த பொறாமை மட்டும் மாறவில்லை.

புது இதயத்தை உடம்பு ஒதுக்குகிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கேன். துணைக்கு வந்ததும் முனிரத்தினம்தான்.

"உள்ள பெரிய காந்தம் இருக்குங்க. சங்கிலியைக் கழட்டிடுங்க" என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண்.

"சொக்கத் தங்கம்மா இது! காந்தத்துல ஒட்டாது. எனக்கே சொல்லித் தர்றியா?" என்றபடி முனிரத்தினம் மாதையனின் கையைப் பிடித்து உள்ளே நுழைந்தார்.

சங்கிலி கழுத்தை விட்டு எழும்பி, இயந்திரத்தை நோக்கி விறைத்து நின்றது. அந்தப் பெண் அவரை வெளியே இழுத்தாள்.

ஸ்கேன் முடிந்தது.

"உடம்பு இதயத்தை ஒதுக்கலைங்க. இனி அடுத்த வருசம் வந்தாப் போதும்" என்றார் டாக்டர்.

"அடுத்த மாசமே வர்றேனுங்க" என்றார் மாதையன். "மச்சினனையும் கூட்டிக்கிட்டு வரணும். அவன் மோதிரமும் ரொம்ப நாளா கண்ணை உறுத்துதுங்க."