தனித் தட்டு

மாப்பிள்ளை வீட்டு வலிமா விருந்துப் பந்தலுக்குள் நுழைந்ததுமே சத்தாருக்குச் சுருக்கென்றது.

பாய் இல்லை. சஹன் இல்லை. நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே பெரிய தட்டில் கை போட்டுச் சாப்பிடும் வழக்கத்தையே காணோம். நீள நீள மேசைகள், மேலே வெள்ளைத் துணி, ஆளுக்கொரு நாற்காலி, ஆளுக்கொரு பீங்கான் தட்டு. மூலையில் கிராமபோன் வேறு பாடிக்கொண்டிருந்தது.

நேற்று நிக்காஹில் எல்லாம் பழைய முறைப்படிதான் நடந்தது. பூச்சரங்கள் தொங்கும் சேரா முகத்தை மறைக்க, மாப்பிள்ளை முனீர் அகமது குதிரைமேல் வந்தான். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பேரணாம்பட்டுக் கடைத்தெரு முழுக்க நடந்தது சத்தார்தான். ஒரே நாளில் என்ன ஆனது இவனுக்கு?

"பட்டணத்து மோஸ்தராம்," என்றார் பக்கத்தில் நின்ற அஹமது பாஷா, மாப்பிள்ளையின் தாய்மாமன். "அவன் அப்பா, எங்க மச்சான், தலபாடா அடிச்சிக்கினாரு. பையன் கேக்கல. மேசை போடலன்னா விருந்தே வேணாம்னுட்டான்."

முனீரும் சத்தாரும் மதரஸாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஓதியவர்கள். வளர்ந்ததும் ஒருவன் அப்பாவின் தோல் பதனிடும் ஷாப்பில் சின்ன முதலாளி ஆனான். இன்னொருவன் அதே ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டப் போனான். சாப்பாட்டில் மட்டும் பிரிவு வந்ததில்லை. மத்தியானமானால் முனீர் தன் தூக்குச் சட்டியோடு குழியோரம் வந்துவிடுவான். ஒரே சட்டியில் இரண்டு பேர் கையும் போகும்.

"டேய் சத்தார், இங்க வா. உனக்குன்னு எடம் புடிச்சி வெச்சிருக்கேன்."

முனீர் கூப்பிட்டான். கோட்டும் துருக்கித் தொப்பியுமாக இருந்தான். அவனுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. எதிரே வாலாஜாபேட்டையிலிருந்து வந்த பெண் வீட்டு வியாபாரிகள் மூன்று பேர்.

சத்தார் உட்காரவில்லை. தட்டை ஒரு விரலால் தள்ளினான்.

"இது இன்னா?"

"தட்டுடா."

"தெரியுது. எனக்குத் தனித் தட்டு எதுக்கு?"

"எல்லாருக்கும் தனித் தட்டுதான். உக்காருடா, பிரியாணி ஆறுது."

"மாமனார் ஊட்டு ஆளுங்க வந்திருக்காங்க. குழியில எறங்குறவனோட ஒரே சஹன்ல கை போட்டா கௌரவக் கொறச்சல், இல்ல?"

முனீர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வியாபாரிகள் மூன்று பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டான்.

"உக்காருடா," என்று மட்டும் கெஞ்சினான். "அப்புறம் பேசிக்கலாம்."

"பணம் பந்தியிலே, குணம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க. நல்லா இரு." வாசல் வரை போன சத்தார் திரும்பினான். "வர்றேன், சின்ன மொதலாளி."

இத்தனை வருஷத்தில் அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. குத்த வேண்டும் என்றே கூப்பிட்டான், குத்தியது. மாப்பிள்ளை தன் கல்யாண விருந்திலேயே தலைகுனிந்து உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் சத்தார் வெளியேறினான். அந்த நேரத்துக்கு அது ருசியாகவும் இருந்தது, மறைப்பானேன்.

வீட்டுக்கு வந்து பசித்த வயிற்றோடு படுத்த பிறகுதான் கசந்தது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? இருந்தாலும் தப்பு முனீர்மேல்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு புரண்டான்.

சாயங்காலம், பெண்கள் பக்கத்து விருந்து முடிந்து மனைவி சகீனா வந்தாள். புர்காவைக் கழற்றி மாட்டியவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்களுக்கும் மேசை, நாக்காலிதானா?" என்றான் குத்தலாக.

"இல்லியே. எங்களுக்கு எப்பவும் போல பாய்தான், சஹன்தான்."

சத்தார் எழுந்து உட்கார்ந்தான். "அப்போ ஆம்பளைங்களுக்கு மட்டும் ஏனாம் பட்டணத்து மோஸ்தரு?"

"முனீரோட அம்மா திரைக்கு அந்தாண்டயிருந்து நீங்க பேசினது எல்லாத்தையும் கேட்டாங்க. என் கையைப் புடிச்சிக்கினு அழுதாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு முனீர் அவங்ககிட்ட சத்தியம் வாங்கியிருந்தாராம். இன்னிக்கு அவங்களுக்குத் தாங்கல."

"இன்னா சொன்னாங்க?"

"போன வருஷம் அவங்க பொண்ணு மஹ்பூபி கல்யாணத்துல, நீங்க போய் ஒக்காந்ததும் அந்த சஹன்ல இருந்த மூணு பேரும் எழுந்துட்டாங்களே, ஞாபகம் இருக்கா?"

"அவங்களுக்கு வயிறு ரொம்பிடுச்சி. மிச்சத்த நானே ஒண்டியா சாப்பிட்டேன்." ஒரு சஹன் பிரியாணி முழுசும் தனக்கே கிடைத்தது என்று ஷாப்பு முழுக்கச் சொல்லிச் சிரித்தவன் அவன்.

சகீனா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுண்ணாம்பு அரித்து வெடித்து, நகமெல்லாம் வெளுத்துப் புண்ணாகிக் கிடந்த அவன் கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வயிறு ரொம்பி எழுந்துக்கலைங்க. முனீர் பார்த்துக்கினு இருந்தாராம். 'என் விருந்துல என் தோஸ்த்து கையைப் பார்த்து எவனும் எழுந்துக்கக் கூடாது, எல்லாருக்கும் தனித் தட்டு போடுங்க'ன்னு மூணு நாள் பட்டினி கெடந்து அவங்க அப்பாவைச் சம்மதிக்க வெச்சாராம்."