முதல் பரிசு

செர்வாவின் கணவன் அசாரே செத்து கருமாதி முடிந்ததும், குல வழக்கப்படி அவன் வீட்டார் கானா நாட்டின் கூமாசி நகருக்கு வந்து படங்களையெல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். வரைந்தவள் செர்வா, கையெழுத்து மட்டும்தான் அவனுடையது.

அதன்பிறகு செர்வா புதிதாக ஒரு படம் வரைந்து, முதன்முறையாகத் தன் பெயரை எழுதி, இணையத்தில் நடந்த உலக ஓவியப் போட்டிக்குப் புகைப்படமாக அனுப்பினாள்.

"அக்கா, முதல் பரிசு உன் படத்துக்குத்தான்!" என்று கைப்பேசியோடு ஓடிவந்த பக்கத்து வீட்டு அஃபியா குரலை இறக்கினாள். "ஆனா மாமா பேரைப் போட்டிருக்கே?"

செர்வா சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தைப் பார்த்தாள். அவள் பெயர் இருந்த மூலையில் அசாரேயின் கையெழுத்து இருந்தது. தொட்டாள். ஈரச் சிவப்பு வண்ணம் விரலில் ஒட்டியது.

"செத்தும் விடமாட்டியாடா?"

வாசலில் நாத்தனார், கையில் மடித்த துணியோடு நின்றாள்.

"அண்ணன் ஜெயிச்ச படத்தைக் கழட்டிக் குடுங்க அண்ணி. பெயிண்ட் காயலன்னா பரவாயில்ல, பதமா எடுத்துட்டுப் போறோம்."