பீரோ மறைத்த சுவர்

“சுவர்ல எழுத விடாதேன்னு சொன்னா கேக்கறியா? வீட்டுக்காரம்மா பாத்தா காலி பண்ணச் சொல்லிடுவாங்க,” என்றான் கணவன்.

“ரெண்டரை வயசுப் பிள்ளைக்கு நோட்டு எப்படிப் போதும்? கை வீசி எழுதினாதான் அவளுக்கு ‘அ’ வருது,” என்றாள் மனைவி.

வாசலில் கார் நின்றது. வீட்டுக்காரம்மாவேதான்.

இருவரும் வீட்டோடு வந்த பழைய பீரோவை அவசரமாக இழுத்து, மகளின் கிறுக்கலை மறைத்தார்கள். பீரோ நின்றிருந்த இடத்திலும் கோணல்மாணலாக எழுத்துகள்.

“இங்கே எப்போ எழுதினா?”

“அவ கிரயான்லதான் எழுதுவா. இது கரி.”

அதற்குள் வீட்டுக்காரம்மா உள்ளே வந்து, அந்தச் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“வெள்ளையடிச்சுக் கொடுத்துடறோம்மா,” என்றான் கணவன்.

“தொடாதீங்க. இது நான் எழுதினது. எங்கம்மா இங்கே வெச்சுத்தான் கத்துக்கொடுத்தாங்க. அப்பா வர்ற சத்தம் கேட்டதும் பீரோவை இழுத்து மறைச்சுட்டாங்க.”

கரிக்கோட்டின் மேல் மெல்ல விரலை ஓட்டியவர், பீரோவின் பக்கம் திரும்பினார்.

“உங்க பொண்ணு எழுதினது இதுக்குப் பின்னாடிதானே இருக்கு? ஒரு கை பிடிங்க, பாக்கணும்.”